ஜில்லுனு ஒரு வியூ… கையில ஒரு கிளாஸ்!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. அரியர் எத்தனைங்கிற கணக்கு ரிசல்ட் வர்ற வரைக்கும் யாருக்கும் தெரியாது. அக்னி நட்சத்திரம் மே 4-ம் தேதி வாக்கில் ஆரம்பிச்சு 28 வரைக்கும் மண்டையைப் பிளக்கப் போகுது. ஹாஸ்டல் ஃபேன் சுத்துறது காத்து வர்றதுக்கா, சத்தம் வர்றதுக்கான்னு சந்தேகமா இருக்கும். அந்த நேரத்துல எவனாவது ஒருத்தன், "மச்சி… எங்கயாச்சும் போய் ட்ரிங்க்ஸ் அடிக்கலாமாடா?"ன்னு கேப்பான்.

பதறாதீங்க. நாம பேசப்போறது, மூடியைத் திறந்தா பெத்தவங்க முகம் ஞாபகத்துக்கு வராத ட்ரிங்க்ஸ் பத்தி மட்டும்தான். கண்டிஷன் மூணே மூணு. ஒண்ணு, தலைக்கு மேல கூரை இருக்கக் கூடாது. ரெண்டு, குடிக்கும்போது கண்ணு எதையாச்சும் பார்த்து மலைக்கணும். மூணு, பாக்கெட் மணியில அடங்கணும். ஏ.சி. காபி ஷாப்ல ஒரு கோல்டு காபியை வாங்கி வெச்சுக்கிட்டு நாலு பேர் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுற கோஷ்டி அடுத்த பக்கத்துக்குப் போயிடலாம்!

நம்ம லிஸ்ட்ல முதல் மார்க் திருச்செந்தூர் பக்கம்தான். முருகனைக் கும்பிட்டுட்டு, மொட்டை போட்டுட்டு, அப்படியே நெல்லைக்கு பஸ் ஏறிடறவங்கதான் முக்கால்வாசிப் பேர். கோயிலுக்கு மேற்கேயும் தெற்கேயும் என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அங்கே இருக்கிறது தேரி. அதாவது செக்கச்செவேல்னு மணல் மேடு. ஒண்ணு ரெண்டு இல்லை… கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் குங்குமத்தைக் கொட்டிவெச்ச மாதிரி இருக்கும். மணல்ல இரும்பு ஆக்ஸைடு படிஞ்சிருக்கிறதால அந்தக் கலர். காத்தடிக்க அடிக்க மேடு இடம் மாறும், வடிவம் மாறும். நேத்து பார்த்த தேரி இன்னிக்கு இருக்காதுன்னு ஊர்க்காரங்க சொல்றது வெறும் பேச்சு கிடையாது. குதிரைமொழித் தேரின்னு கேட்டா வழி சொல்லுவாங்க. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில், மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில்னு ரெண்டு அடையாளம் வெச்சுக்கங்க. இதுல ரெண்டாவது கோயில்ல அந்தச் செம்மண் காட்டுக்கு நடுவுல ஒரு சுனை இருக்கு. 'இந்த மண்ணுல எங்கேர்ந்துப்பா தண்ணி?'ன்னு வாயைப் பிளப்பீங்க!

அந்தச் செவப்புக்கு நடுவுல கறுப்புக் கோடு இழுத்த மாதிரி பனைமரங்கள். இங்கேதான் நம்ம ட்ரிங்க் இருக்கு. புத்தகத்துல பதநீர். நெல்லை, தூத்துக்குடி பக்கம் பயினி. கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ள நுழைஞ்சா அதுக்குப் பேர் அக்கானி. எந்தப் பேர்ல கேட்டாலும் விடியக்காலையில கேட்கணும், அதுதான் முக்கியம். மார்ச் மாசத்துல சூடு பிடிச்சு ஜூன், ஜூலை வரைக்கும் சீசன். பனையேறி விடியறதுக்கு முன்னாடியே மரம் ஏறிடுவார். ஏழு மணி வாக்கில் நீங்க அங்கே நின்னா, கலயத்துல இருந்து அப்பத்தான் இறக்கினது கிடைக்கும். பச்சைப் பனையோலையை மடிச்சுக் கட்டி பட்டை பண்ணி, அதுல ஊத்திக் கொடுப்பாங்க. கூட ரெண்டு நுங்கைத் தோண்டிப் போட்டுட்டாங்கன்னா முடிஞ்சது கதை. பட்டையோட ரெண்டு காதையும் பிடிச்சு, தலையை லேசா சாய்ச்சு உறிஞ்சணும். ஓலை வாசமும் சுண்ணாம்பு வாசமும் சேர்ந்து வரும். இனிப்பு தொண்டையைத் தாண்டினதுக்கு அப்புறம்தான் தெரியும். குடிச்சு முடிச்சதும் பட்டையை அப்படியே ஓரமாப் போடலாம், ஆடு தின்னுடும். 2019 ஜனவரி 1-ம் தேதி தமிழ்நாட்டுல ஒரு தடவை யூஸ் பண்ணித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததே, அந்தச் சட்டமெல்லாம் வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே பாஸான டம்ளர் அது!

சுண்ணாம்பு மேட்டரைக் கொஞ்சம் விளக்கிடறேன். ஏன்னா உங்க வீட்ல யாராவது "பதநீரா? அது கள்ளுல்ல!"ன்னு மிரட்டுவாங்க. மரத்துல இருந்து வடியறது ரெண்டுமே ஒரே சாறுதான். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டும்போது, கலயத்தோட உள்பக்கம் சுண்ணாம்பு தடவினா சாறு புளிக்காது. அது பதநீர். தடவாம விட்டா காத்துல இருக்கிற ஈஸ்ட் தன் வேலையைக் காட்டிடும். அது கள். தமிழ்நாட்டுல 1987 ஜனவரி 1-ம் தேதியில இருந்து கள்ளுக்குத் தடை. பதநீருக்கு அந்தப் பிரச்னை இல்லை. அப்போ ஒரு கலயத்துக்கும் ஒரு கேஸுக்கும் நடுவுல நிக்கிறது ஒரு விரல் சுண்ணாம்புதான்!

இன்னொரு விஷயம். நாலு வழிச் சாலை ஓரத்துல மத்தியானம் மூணு மணிக்கு, ஒரு மரத்தைக்கூட காணாத இடத்துல, 'சுத்தமான பதநீர்'னு போர்டு வெச்சு பானையோட உக்காந்திருப்பாங்க. எல்லாரையும் சந்தேகப்படச் சொல்லலை. ஆனா சாக்கரின் கரைச்ச தண்ணியில சுண்ணாம்பைக் கலக்கிக் கொடுக்கிற ஆளுங்களும் அதுல உண்டு. குடிச்ச பிறகு நாக்கு நுனியில ஒரு செயற்கை இனிப்பு ரொம்ப நேரம் ஒட்டிக்கிட்டு நின்னா, ஏமாந்துட்டீங்கன்னு அர்த்தம். ஒரே ரூல்தான்… மரத்தடியில வாங்குங்க, காலையில வாங்குங்க.

உக்காந்து குடிச்சுக்கிட்டே பேச்சுக் கொடுத்துப் பாருங்க. "அண்ணாச்சி, ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுவீங்க?"ன்னு கேளுங்க. முப்பது, நாப்பதுன்னு ரொம்ப சாதாரணமா சொல்லுவாங்க. அதுவும் ஒரு தடவை இல்லை, காலையில ஒரு ஏத்தம், சாயங்காலம் ஒரு ஏத்தம். ஒரு மரம் ஐம்பது, அறுபது அடி உசரம்னு வெச்சு நீங்களே பெருக்கிப் பாருங்க. நம்ம காலேஜ் லிஃப்ட் ரிப்பேரானா மூணாவது மாடிக்கு ஏற நாம பண்ற அலப்பறை ஞாபகம் வருதா? இடுப்புல அரிவாள் பெட்டி, காலுக்குத் தளைநார், நெஞ்சுல மரம் உரசி உரசிக் காய்ச்சுப்போன தோல். கயிறோ, பெல்ட்டோ எதுவும் கிடையாது. கீழே அவங்க வீட்டு அம்மா பெரிய சட்டியில பதநீரைக் காய்ச்சிக்கிட்டு இருப்பாங்க. மணிக்கணக்குல புகையில நின்னு கிண்டினாத்தான் அது கருப்பட்டி. இந்தப் பக்கத்து உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு.

"பையன் என்ன பண்றான் அண்ணாச்சி?"ன்னு அடுத்த கேள்வியைக் கேளுங்க. "இஞ்சினியரிங் படிக்கான்… மூணாவது வருஷம்"னு சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்கணும். "லீவுல வந்து மரம் ஏறுவானா?"ன்னு நீங்க அசடு வழியக் கேட்டா, "ஏற விட்டாத்தான! நான் ஏறுனது போதும்லா"ன்னு பட்டுனு பதில் வரும். அவர் சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். அவர் பையனோட செமஸ்டர் ஃபீஸ் அந்தக் கலயத்துல இருந்து வடியுது. அந்தப் பையன் படிச்சு முடிச்சு சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறிட்டா, அந்த நாப்பது மரத்துக்கும் ஆள் இல்லை. பனைதான் தமிழ்நாட்டோட மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாம பனையை வெட்டக்கூடாதுன்னு 2021-ல அரசாங்கம் அறிவிச்சிருக்கு. மரத்தைக் காப்பாத்த ஆர்டர் போடலாம். ஏறுறதுக்கு யாரை ஆர்டர் போட்டு அனுப்புறது? இதைப் படிக்கிற உங்கள்லயே சில பேர் அந்த மூணாவது வருஷப் பையனா இருப்பீங்க. உங்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மத்தவங்க ஒரு தடவை போய்க் குடிச்சுட்டு வாங்க. பேரம் மட்டும் பேசிடாதீங்க, ப்ளீஸ்.

வெயில் ஏறினதும் தேரியில நிக்க முடியாது, மணல் சுடும். அப்படியே கடலோரமா தெற்கே வண்டியை விடுங்க. குலசேகரப்பட்டினம் வரும். தசராவுக்குப் பேர் போன ஊர். 2024 பிப்ரவரியில இஸ்ரோவோட ரெண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினதும் இங்கேதான். அதைத் தாண்டினா மணப்பாடு. கடலுக்குள்ள மூக்கை நீட்டிக்கிட்டு ஒரு மணல் குன்று. அதுக்கு மேல திருச்சிலுவைக் கோயில். பக்கத்துல, 1542-ல இந்தக் கடற்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கினதா சொல்ற குகை. குன்று மேல நின்னா ஒரு பக்கம் அலை எகிறும், இன்னொரு பக்கம் குளம் மாதிரி அமைதியா இருக்கும். மணிரத்னத்தோட 'கடல்' படத்தை (2013) இந்தப் பக்கம்தான் எடுத்தாங்க. கோயில் வளாகத்துல கிளாஸும் கையுமா நிக்காதீங்க. கீழே இறங்கி ஊருக்குள்ள ஒரு பன்னீர் சோடா வாங்கிக்கிட்டு கடற்கரையில உக்காருங்க. டபுள் ஓகே!

அடுத்து மதுரை. மதுரைன்னதும் ஜிகர்தண்டா. விளக்குத்தூண் பக்கம் ரோட்டுல நின்னுக்கிட்டே குடிக்கிறதுதான் அதுக்கு மரியாதைன்னு அந்த ஊர்க்காரங்க சத்தியம் பண்ணுவாங்க. கோட்டைச் சுவரை இடிச்சு ஊரைப் பெருசாக்கின பிளாக்பர்ன் கலெக்டர் ஞாபகமா வெச்ச தூண் அது. ஆனா நம்ம ரெண்டாவது கண்டிஷன் இருக்கே… வியூ! விளக்குத்தூண்ல உங்களுக்குக் கிடைக்கிற வியூ, ஜவுளிக்கடை பையோட ஓடுற ஜனமும் ஆட்டோ பின்பக்கமும்தான். அதனால வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு வாங்க.

திருமலை நாயக்கர் வெட்டின குளம். ஒரு பக்கத்துக்கு ஆயிரம் அடி இருக்கும். மகால் கட்டுறதுக்கு செங்கல் அறுக்க மண்ணு எடுத்த இடம், அப்படி எடுக்கும்போதுதான் மீனாட்சி கோயில்ல இருக்கிற முக்குறுணிப் பிள்ளையார் கிடைச்சார்னு ஊர்ல சொல்லுவாங்க. நடுவுல மைய மண்டபம், சுத்தி மரங்கள். எதிர்லயே தியாகராசர் கல்லூரி. அந்தக் காலேஜ் பசங்க எல்லாம் என்ன புண்ணியம் பண்ணாங்களோ! ரொம்ப வருஷம் இந்தக் குளம் காய்ஞ்சுதான் கிடந்துச்சு. உள்ளே இறங்கி ஒரே நேரத்துல பத்து டீம் கிரிக்கெட் ஆடும். இந்தப் பக்க ஃபீல்டர் அந்தப் பக்க மேட்சுல கேட்ச் பிடிப்பான். அப்புறம் வைகைத் தண்ணியைக் கொண்டுவந்து நிரப்பினாங்க. ஸ்டம்ப்பைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்த பசங்களுக்குக் கொஞ்ச நாள் துக்கம்தான். ஆனா சாயங்காலம் ஆறு மணிக்குச் சுவத்து மேல உக்காந்து, தண்ணியைத் தொட்டு வர்ற காத்து மூஞ்சியில அடிக்கும்போது, கிரிக்கெட்டாவது ஒண்ணாவதுன்னு தோணிடும்.

இப்போ கிளாஸைக் கையில வாங்குங்க. சுண்டக் காய்ச்சின பால், ஊறி உப்பின பாதாம் பிசின் இல்லைன்னா கடல்பாசி, நன்னாரி சர்பத், மேல ஒரு கரண்டி ஐஸ்க்ரீம். இந்த நாலும் ஒழுங்கா இருந்தாப் போதும். அதுக்கு மேல முந்திரி, செர்ரி, சாக்லேட் சிரப்னு அலங்காரம் பண்ணிக்கிட்டே போற கடையா இருந்தா, பால்ல ஏதோ குறை இருக்கு, மறைக்கப் பார்க்கிறாங்கன்னு நினைச்சுக்கங்க. இது என் தனிப்பட்ட கருத்து. மதுரைக்காரங்க கோவிச்சுக்கிட்டாலும் மாத்திக்க மாட்டேன். ஸ்பூன் கேட்டு வாங்கி முதல்ல அடிவரைக்கும் ஒரு கலக்கு கலக்கணும். இல்லைன்னா கடைசி வாய்ல வெறும் சர்பத்துதான் மிஞ்சும். ஜிகர்னா ஈரல், நெஞ்சு. தண்டான்னா குளிர்ச்சி. வடக்கத்திப் பேரை வெச்சுக்கிட்டு வடக்கே எங்கேயும் கிடைக்காம மதுரையில குடியேறிட்ட ஐட்டம். பருத்திப்பால் வண்டியும் அந்த ஊர்ல கண்ணுல படும். அது சூடா குடிக்கிறது, மார்கழிக்கு வெச்சுக்கலாம்.

கடற்கரைக்கு வருவோம். சென்னைப் பசங்க பண்ற ஒரு தப்பு, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு கிளாஸைக் கட் அடிச்சுட்டு மெரினாவுக்குப் போறது. வெயில்ல தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாத்தான் சூடாகும். தரைக்கு மேல இருக்கிற காத்து சூடாகி மேலே கிளம்பினாத்தான், அந்த இடத்தை நிரப்ப கடல்ல இருந்து குளிர்ந்த காத்து உள்ளே வரும். அதுக்கு மத்தியானத்தைத் தாண்டணும். மே கடைசி, ஜூன்ல மேற்குக் காத்து பலமா அடிச்சா, கடல்காத்தை வாசல்லயே நிறுத்திடும். அன்னிக்குத்தான் சென்னையில 'ஏன்டா பொறந்தோம்'னு இருக்கும். அதனால நாலரை மணிக்கு மேல போங்க. நம்ம கிழக்குக் கடற்கரையில சூரியன் கடல்ல அஸ்தமிக்காதுன்னு சில பேர் குறைப்படுவாங்க. அதுல ஒரு லாபம் இருக்கு பாஸ்… சாயங்காலம் வெயில் முதுகுப் பக்கம், கடல் முகத்துக்கு நேரா. கண்ணைச் சுருக்காம பார்க்கலாம்.

மெரினாவை விட எனக்கு பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச் பிடிக்கும். கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம், காதலர்கள் பேரெல்லாம் கிறுக்கப்பட்டு பாவமா நிக்கும். ஆபத்துல இருந்தவங்களைக் காப்பாத்தப்போய் கடல்ல உயிரை விட்ட டேனிஷ்காரருக்கு எழுப்பினது அது. அதுல உங்க ஆளு பேரை எழுதுறதுக்கு முன்னாடி இதை ஒரு செகண்ட் நினைச்சுக்கங்க. அதுக்குப் பக்கத்துல மணல்ல உக்காந்து லெமன் சோடா. முடிஞ்சா கோலி சோடாவே கேளுங்க. கட்டை விரலால கோலியை அமுக்கி, 'டொப்'புனு சத்தம் கேட்டு, பொங்கி வர்றதை வாயில பிடிக்கிறது ஒரு கலை. இந்த பாட்டிலை 1872-ல கண்டுபிடிச்சவர் ஹிராம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர். அவங்க ஊர்ல இது எப்பவோ வழக்கொழிஞ்சு போச்சு. நாம விடலை!

சோடான்னதும் ஒரு ஃப்ளாஷ்பேக். 2017 ஜனவரியில ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுல மாணவர்கள் திரண்டாங்களே, அப்போ கூடவே ஒரு கோஷமும் கிளம்புச்சு… வெளிநாட்டு குளிர்பானம் வேண்டாம்னு. வணிகர் சங்கங்கள் அதைக் கையில எடுத்துக்கிட்டு, மார்ச் 1-ம் தேதியில இருந்து கோக், பெப்ஸி விக்க மாட்டோம்னு அறிவிச்சாங்க. விருதுநகர்ல 1916-ல ஆரம்பிச்ச காளிமார்க் கம்பெனியோட பொவன்ட்டோவுக்குத் திடீர்னு மவுசு. பெட்டிக்கடையில பொவன்ட்டோ கேட்டா 'ஸ்டாக் இல்லை'ன்னு பதில் வந்த காலம் அது. கொஞ்ச நாள்ல பழைய ஆளுங்க ஃப்ரிட்ஜுக்குள்ள பழைய இடத்துலயே வந்து உக்காந்துட்டாங்க. கேட்கிறவங்க நிறுத்தினா வைக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?

ஈ.சி.ஆர்.ல அப்படியே பாண்டிச்சேரிக்குப் போனா, பீச் ரோட்டுல சாயங்காலம் ஆறு மணியில இருந்து காலை ஏழரை வரைக்கும் வண்டி கிடையாது. ஒண்ணரை கிலோமீட்டர் நீளத்துக்கு ரோடு முழுக்க நம்மளோடது. காந்தி சிலை பக்கத்துல கடலை ஒட்டி 'லெ கஃபே' இருக்கு. அரசாங்கமே நடத்துறது. பாறையில அலை மோதுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே காபி குடிக்கலாம். காபி சுமார்தான், வியூவுக்குத்தான் காசு. பாண்டின்னாலே வேற ட்ரிங்க்ஸ் ஞாபகம் வர்ற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: ராத்திரி அந்தப் பாறை மேல ஏறி செல்ஃபி எடுக்காதீங்க. பாசி வழுக்கும், கீழே ஆழம்.

மலைப் பக்கம் போகணும்னா எல்லாரும் ஊட்டி, கொடைக்கானல்தான் சொல்லுவாங்க. 2024 மே 7-ம் தேதியில இருந்து ரெண்டுக்கும் இ-பாஸ். பஸ்ல போனா அந்தத் தலைவலி இல்லை, ஆனா மே மாசக் கூட்டத்துல நீங்க பார்க்கப்போறது முன்னாடி நிக்கிறவர் முதுகைத்தான். பேசாம பொள்ளாச்சியில இருந்து வால்பாறை ரோட்டுல ஆழியார் அணைக்குப் போங்க. இருபத்தஞ்சு கிலோமீட்டர்கூட இருக்காது, டவுன் பஸ்ஸே போகும். அணைச் சுவருக்குப் பின்னாடி ஆனைமலை அப்படியே நிமிர்ந்து நிக்கும். தண்ணி, அதுக்கு மேல பச்சை, அதுக்கு மேல மேகம். தண்ணியில மட்டும் இறங்கவே இறங்காதீங்க. பார்க்க சாதுவா இருக்கும், சுழலும் சேறும் வெளியே தெரியாது. இங்கே வருஷா வருஷம் காலேஜ் பசங்க உயிர் போகுது. போனவங்கள்ல நீச்சல் தெரிஞ்சவங்களும் உண்டு.

அணைக்குப் போற வழி நெடுக தென்னந்தோப்பு. இளநீர்க்காரர், "தண்ணிக் காயா, வழுக்கையா?"ன்னு கேப்பார். வெயில்ல வந்தவங்க தண்ணிக் காய் சொல்லலாம், காலைச் சாப்பாட்டை மிஸ் பண்ணவங்க வழுக்கை சொல்லலாம். ஸ்ட்ரா கேட்காதீங்க. காயைத் தூக்கி அண்ணாந்து குடிங்க, சட்டையில ரெண்டு சொட்டு சிந்தினா ஒண்ணும் ஆகாது, கறை மட்டும் போகாது! பொள்ளாச்சின்னா இளநீர் என்னிக்கும் இருக்கும்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். வேர் வாடல் நோய் வந்து, காய்க்கிற மரங்களையே நிறைய பேர் வெட்டித் தள்ளிட்டாங்க. கேட்டா அவரே எந்தத் தோப்புல எத்தனை போச்சுன்னு கணக்கு சொல்லுவார். குடிச்சு முடிச்சதும் காயை அவர்கிட்டயே திருப்பிக் கொடுங்க. ஒரே வெட்டுல ரெண்டாப் பிளந்து, மட்டையிலயே ஒரு சீவல் எடுத்து ஸ்பூன் மாதிரி கையில கொடுப்பார். அந்த வழுக்கையைத் தின்னாம, "பஸ் வந்துடுச்சு"ன்னு வீசிட்டு ஓடுறவங்களை அவர் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்க…